நம் கடற்கரைக்கு வரும் கொள்கை ஆலோசகர்கள்: அவர்களின் பின்னணியை எப்படிப் படிப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது: "கடல்பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரத்தை ஆய்வு செய்து அரசுக்குப் பரிந்துரை தர, ஒரு பொதுக்கொள்கை ஆலோசனை நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் தந்த கையேட்டில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பொருளாதார நிபுணர், கடல் உயிரியலாளர், வழக்கறிஞர் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. இவர்களுடைய பின்னணியைப் பார்த்து எங்களால் எதையாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? என் அம்மா முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறார். அவர் என்ன கேட்க வேண்டும்?"

முடியும். ஒருவர் தம் உழைக்கும் காலமெல்லாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தால், அவர் கையெழுத்திடும் அறிக்கையில் எது முதலில் வரும், எது விடுபடும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மண்டபத்திலிருந்து தொண்டி வரை மீன்வளத் திட்டங்களுக்கான கள ஆய்வுகளில் இத்தகைய குழுக்களோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், கையேட்டில் இருக்கும் பெயர்கள் அங்கே ஏன் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசுத் துறைகள் ஆலோசகரை அமர்த்தும்போது பல நேரங்களில் விலையை மட்டும் பார்ப்பதில்லை. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்றோ, 80-க்கு 20 என்றோ மதிப்பெண் பிரித்துத் தேர்ந்தெடுப்பது பரவலான முறை. அந்தத் தர மதிப்பெண்ணில் பெரும்பங்கு முக்கிய வல்லுநர்களின் தகுதிக் குறிப்புக்குப் போகிறது. என்ன பட்டம், எத்தனை வருட அனுபவம், இதுபோன்ற வேலை எத்தனை செய்திருக்கிறார் என்று கட்டம் கட்டி மதிப்பெண் போடுவார்கள். ஆகவே டெண்டரை வெல்ல மூத்தவர்களின் பெயர்கள் தேவைப்படுகின்றன. வென்ற பிறகு அந்த மூத்தவர் மொத்த ஆய்வுக்கும் சில நாட்கள் மட்டுமே தரக்கூடும். கேள்வித்தாள் தயாரிப்பதும், எண்களைத் தொகுப்பதும், அறிக்கையின் முதல் வரைவை எழுதுவதும் இருபதுகளின் கடைசியில் இருக்கும் இரண்டு மூன்று இளைஞர்கள். பொருளாதாரத்திலோ பொதுக் கொள்கையிலோ முதுகலை முடித்தவர்கள். சென்னை, பெங்களூரு, டெல்லி அலுவலகங்களிலிருந்து வருவார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள், தினக்கூலிக்கு. அறிக்கையின் தரம் இந்த இரண்டு அடுக்குகளில்தான் முடிவாகிறது. எனவே உங்கள் அம்மா கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இந்தப் பெயர்களில் யார், எத்தனை நாள் இங்கே தங்கப் போகிறீர்கள்?" கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அந்த நாள்கணக்கு இருக்கும்.

இனி அந்தப் பெயர்களுக்குள் போகலாம்.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை "பெயருக்கு வந்தவர்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் கரையில் அவர் அளவுக்குப் பயன்படக்கூடியவர் வேறு யாரும் இல்லை. ஏனென்றால் இங்கே ஒரே தண்ணீருக்குப் பல எஜமானர்கள். மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால் ஒன்றிய அரசின் கை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அதாவது வனத்துறையின் பொறுப்பு. 1989-இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம் அதைவிடப் பெரியது, 10,500 சதுர கிலோமீட்டர். எல்லைப் பாதுகாப்புக்குக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் இருக்கின்றன. பாசி எடுக்கும் பெண்ணுக்கு அடையாள அட்டை தருவது மீன்வளத் துறை என்றால், அவர் தீவுப் பக்கம் போகும்போது தடுப்பது வனத்துறை. இந்த இரண்டு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க எந்த அளவிலான ஆணை வேண்டும், நிதித்துறை எந்த இடத்தில் கேள்வி எழுப்பும், எந்தக் கோப்பு எங்கே நிற்கும் என்று அந்த அதிகாரிக்குத் தெரியும். ஆய்வாளர் எழுதும் பத்துப் பக்கத்தை நடைமுறைக்கு வரும் ஒரு பத்தியாக மாற்றுபவர் அவர்.

அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பில் ஏறாதது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மாவட்டத்தில் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மாறிக்கொண்டே இருந்தவருக்கு, ஒரு கடற்கரைக் கிராமத்தின் வழக்கங்கள் மனுக்களின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். மனுவே கொடுக்காதவர்கள் அவருடைய அனுபவத்துக்கு வெளியே நிற்கிறார்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும். அகில இந்தியப் பணி அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. அவர் எப்போது ஓய்வு பெற்றார், கடைசியாக இருந்த துறை எது, இப்போது ஆலோசனை சொல்வது அதே துறைக்கா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பொருளாதார நிபுணர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேசப் போகிறேன், ஏனென்றால் நம் கரையில் அதிகமான சேதம் கணக்கில்தான் நடந்திருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுகளின் இழுவலையை (கடலடியை வாரிச் செல்லும் வலை) குறைத்து மீனவர்களை ஆழ்கடலுக்கு அனுப்பும் திட்டம் 2017-இல் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. மூன்று வருடத்தில் 2,000 படகுகள் என்பது இலக்கு. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி ஒன்றிய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர். தாளில் பார்த்தால் மீனவர் கையிலிருந்து போடுவது 8 லட்சம், கடன் 16 லட்சம். பாதிக்கு மேல் மானியம் கிடைக்கிறதே, யார் வேண்டாம் என்பார்கள் என்று தோன்றும். ஆனால் திட்டம் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

படகுத்துறையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் காரணம் புரியும். பாக் நீரிணையில் விசைப்படகு காலையில் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிப் புறப்பட்டு மறுநாள் காலையில் கரைக்கு வந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பங்கிட்டுத் தொழில் செய்து பழகிய கரை இது. சூரை மீனுக்குத் தூண்டில் போடுகிறவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க வேண்டும். வலை இழுக்கும் கை வேறு, ஆயிரம் தூண்டில் முள் கோத்த கயிற்றை விடும் கை வேறு. அடுத்து, ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆளுக்கும் பிரிப்பார்கள். முதல் இரண்டு மூன்று பயணங்கள் நட்டத்தில் முடிந்தால் ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள்; கடன் தவணை மட்டும் உரிமையாளரோடு இருக்கும். இந்த ஏற்பாட்டை அறிந்த ஒருவர் கணக்குப் போடும் மேசையில் இருந்தால், படகு விலையோடு முதல் வருட ஓட்டத்துக்கான பணத்தையும் சேர்த்துத்தான் பேசியிருப்பார்.

உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். பாசிப் பெண்களிடம் கேட்கப்படும் கேள்வித்தாள்களில் "சராசரி மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விரல்களில் துணி சுற்றி, காலில் செருப்போ தகரத் தட்டோ கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு பாறை இடுக்கில் மூழ்கி எழுந்து வந்த ஒரு அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், "எந்த மாசத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் என மாதத்தில் ஏறக்குறைய 12 நாட்கள் என்று அவர்களே வகுத்துக்கொண்ட கணக்கு இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒரு விலை, கஞ்சிப் பாசிக்கு ஒரு விலை, கட்டக்கோரைக்கு இன்னொரு விலை. முன்பணம் கொடுத்த வியாபாரிதான் விலையைச் சொல்கிறார். இத்தனையும் ஒரு கட்டத்துக்குள் ஒரே எண்ணாக விழும்போது, அந்த எண்ணின் மேல் கட்டப்படும் எல்லாப் பரிந்துரையும் ஆட்டம் காணும். நல்ல பொருளாதார நிபுணர் இதைக் கேட்டவுடன் கேள்வித்தாளை மாற்றுவார். அப்படி மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாருமே எப்போதாவது ஒரு சந்தையிலோ வயல்வெளியிலோ நீண்ட நாள் உட்கார்ந்து கணக்கெடுத்தவர்கள். பட்டம் எங்கே வாங்கினார் என்பதைவிட, கடைசியாக எந்த ஊரில் நேரடியாகக் கணக்கெடுத்தார் என்று கேளுங்கள்.

அறிவியலாளர்கள் நமக்கு வெளியாட்கள் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கி, 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இப்போதும் அதன் மண்டபம் மையம் இயங்குகிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். ஆகவே "கடல் உயிரியலாளர்" என்று கையேட்டில் பார்த்தவுடன், எந்தக் கட்டடத்திலிருந்து வந்தவர் என்று கேட்பது நம் ஊரில் பொருளுள்ள கேள்வி. கப்பாபைகஸ் பாசி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் இந்தப் பாசியை வளர்க்கும் முறையை இங்கே உருவாக்கியவர்கள், அதை ஏழைப் பெண்களுக்கான வருமானமாகப் பார்த்தார்கள். அது பலருக்கு வருமானம் தந்ததும் உண்மை. ஆனால் 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்வதாக எழுதினார்கள். ஒருவர் பயிரைப் பார்த்தார், மற்றவர் பாறையைப் பார்த்தார். இரண்டு தரப்பும் அறிவியல்தான். குழுவில் ஒரு தரப்பு மட்டும் இருந்தால், மறுதரப்பின் கட்டுரைகளைப் படித்தீர்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த மாவட்டத்தின் வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கும் நிலையில், இந்தக் கேள்வி இனி வருகிற ஒவ்வொரு ஆய்வுக்கும் பொருந்தும்.

இதில் இன்னொரு நுணுக்கம். மிதவையில் வளர்ப்பவரும் பாறையிலிருந்து எடுப்பவரும் ஒரே ஆள் என்று வெளியூர் அறிக்கைகள் எடுத்துக்கொள்கின்றன. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மிதவை போடும் குடும்பமும் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தீவோரம் மூழ்கி எடுக்கும் குடும்பமும் பெரும்பாலும் வேறு வேறு. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் இது தலைகீழாகும். "பாசித் தொழிலாளர்" என்று ஒரே தலைப்பில் இவர்களைச் சேர்க்கும் ஆய்வு, ஒருவருக்கான உதவியை மற்றவருக்கு அனுப்பிவிடும்.

வழக்கறிஞரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். 2001-இல் கடல் அட்டை என்ற கடலுயிரி அந்த வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவே கூடாத உயிரினங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டபோது, அதை நம்பி மூழ்கிப் பிழைத்தவர்கள் ஒரே அறிவிப்பில் குற்றவாளிகளானார்கள். எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்று அதே அட்டையை எடுக்கலாம். சட்டத்தை மட்டும் படித்தவருக்கு இது கடத்தல் வழக்கு. மீனவர்களுக்காக வாதாடிய அனுபவம் இருப்பவருக்கு, மாற்று வேலை ஏற்பாடு செய்யாமல் வந்த தடை. உங்கள் ஆய்வின் பரிந்துரை பாசிக்கும் அப்படி ஒரு தடையைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

தொண்டு நிறுவனங்களிலிருந்து ஆலோசகர்களானவர்கள் பேச எளிதானவர்கள், பெண்கள் கூட்டத்தில் தரையில் உட்காருவார்கள், பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: முன்பு செய்த திட்டத்துக்கு நிதி நின்றபோது அந்தக் கிராமத்தில் என்ன மிஞ்சியது?

பட்டியலில் வழக்கமாக இல்லாத ஒரு பின்னணி, ஒரு பெரிய திட்டத்தின் கணக்கையே கேள்விக்கு உள்ளாக்கிய வரலாறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேதுசமுத்திரக் கால்வாய்க்கு நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி) நிறுவனம் சுற்றுச்சூழல் ஆய்வு செய்தது. 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 167 கிலோமீட்டர் நீளத் தடத்துக்கு 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடக்கவிழா நடந்தது. இலங்கையைச் சுற்றாமல் போவதால் கப்பல்களுக்கு நேரமும் எரிபொருளும் மிச்சம் என்பது அடிப்படை வாதம். வரைபடத்தில் தூரம் குறைவதைப் பார்த்த எவரும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன் எச். பாலகிருஷ்ணன் கப்பல் ஓட்டியவரின் கணக்கைப் போட்டார். தோண்டிய தடத்துக்குள் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்க நேரம் போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வரும் கப்பல்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மிச்சம் இல்லை என்றார். அவர் சொன்னதை முழுதும் ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். அந்தக் கேள்வி திட்டத்தின் தொடக்கத்திலேயே, ஆய்வுக் குழுவின் உள்ளேயிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அதே போல உங்கள் ஆய்வுக் குழுவில் இல்லாத பின்னணி எது என்று பார்த்தால், தண்ணீரில் இறங்கியவரின் பின்னணிதான். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுசேர்த்ததற்காக 2015-இல் தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் சர்வதேச விருது பெற்றவர். பாசியை வேரோடு பிடுங்காமல் எடுப்பது, மீண்டும் வளர இடைவெளி விடுவது என்று கடலைக் காக்கும் ஒழுங்குகளை அந்தப் பெண்களே பேசி வகுத்திருக்கிறார்கள். ஒரு வளத்தைப் பலர் சேர்ந்து எப்படி நிர்வகிப்பது என்பது பொதுக் கொள்கைப் படிப்பின் நடுநாயகமான பாடம். அதை வாழ்ந்து காட்டியவர்களுக்கு டெண்டரின் தகுதிக் கட்டத்தில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. மாற்ற முடியாததும் இல்லை. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இந்திய, இலங்கை மீனவப் பிரதிநிதிகளே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். நாடுகளுக்கு இடையிலான விஷயத்திலேயே அது முடிந்தபோது, ஒரு மாவட்டத்து ஆய்வின் வழிகாட்டுக் குழுவில் இரண்டு பாசிப் பெண்கள் உட்காருவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. ஆய்வை ஒப்படைத்த துறைக்கு 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். மூன்றே விஷயங்கள் கேளுங்கள்: ஆய்வுக்கான பணி வரையறை, ஒவ்வொரு வல்லுநரும் தர ஒப்புக்கொண்ட நாட்கள், அவர்கள் கொடுக்கும் தொடக்க அறிக்கையின் நகல். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பணி வரையறையைப் படித்தாலே பாதி விடை கிடைக்கும். அதில் "மாற்று வாழ்வாதாரம்" என்று மட்டும் இருந்து, "இப்போதைய தொழிலைத் தொடர்வது" என்ற சொல்லே இல்லாவிட்டால், பரிந்துரை எந்தப் பக்கம் போகும் என்று ஆலோசகர்கள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நிறுவனத்தின் இயக்குநர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்பதை ஒன்றிய கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவுகளில் பார்க்கலாம். பாசி வாங்கிப் பதப்படுத்தும் நிறுவனத்துக்கும் அதே ஆலோசகர் வேலை செய்கிறாரா என்பது நம்மைப் பொறுத்தவரை மிக முக்கியம். செய்கிறார் என்றால் அவரை விலக்க வேண்டும் என்பதில்லை. அதை வெளிப்படையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஆய்வு பின்னாளில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடாக மாறினால், அதைச் செய்பவர்கள் ஆலோசகர்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான நாபெட்டின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கே சமூகப் பொருளாதாரம், சூழலியல் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி வல்லுநர் பெயர் பதிவாகியிருக்கும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பும், தமிழில் சுருக்க அறிக்கையும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கட்டாயம்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு வேலை. முதல் கூட்டத்துக்குப் போகும்போது கையோடு ஒரு காலண்டரை எடுத்துப் போகச் சொல்லுங்கள். போன வருடத்தில் தண்ணீருக்குப் போன நாட்களையும், காற்றால் போகாத நாட்களையும், தீவுப் பக்கம் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட நாட்களையும், வியாபாரி சொன்ன விலைகளையும் நினைவில் இருக்கும்வரை அதில் குறித்துக்கொள்ளட்டும். நாலைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார். அந்தக் காலண்டரைக் கேள்வித்தாளோடு இணைத்துக்கொள்ளும்படி அந்த இளைஞர்களிடம் எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்றை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.